சந்திரகலா அக்கா பார்த்துச் சொன்ன வீடு

அப்பாவு பெரியவரின் வீட்டை வாங்க வந்தவர்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் அப்போது கும்மிடிப்பூண்டியில் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வாங்க வந்தவர்கள் ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவருடைய வேலை. மாடியில் தண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்திருக்கிறது, அதனால் தளம் ஒழுகுகிறது என்று அவர் சொன்னாராம். வந்தவர்கள் ஒழுகுகிறது என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். வயசான மனுஷன் வீட்டை விற்க விடாமல் கெடுத்துவிட்டாள் என்று தெருவில் அந்தப் பெண்ணைத்தான் ஏசினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குப் போய் வந்து மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் மறுபடியும் வந்தார். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, வெளிப்படிக்கட்டு வழியாக அப்பாவு வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். பெரியவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மாடி மூலையில் குந்தி உட்கார்ந்து, குழாயின் வாய்க்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அழுகிப்போன வேப்பஞ்சருகையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் யாரோ பிள்ளையின் ரப்பர் பந்தையும் இழுத்துப் போட்டார். கொண்டுவந்திருந்த கம்பி வலையை வாயில் பொருத்தினார். குப்பையை ஒரு பையில் கட்டிக்கொண்டு இறங்கும்போதுதான் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்பதுபோல ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், போய்விட்டார்.

அந்த வருஷ மழைக்கு அப்பாவு வீடு ஒழுகவில்லை. பெருமாள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. யார் கையைக் கொண்டு செய்தாலும் செய்கிறவர் ஆண்டவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்தான் சந்திரகலா அக்கா.

அவர் காக்களூரில் பிறந்தவர். அப்பா அங்கே ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அக்கா ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் படித்துவிட்டு, கம்பெனிகளுக்கு ஷெட் போட்டுக் கொடுக்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, அவரும் லாரி ஓட்டுகிற அவர் வீட்டுக்காரரும் சேர்ந்து கட்டி முடித்த ஒரு வீட்டை வாங்கினார்கள். பெயின்ட் வாசனை போகாத புது வீடு. அவசரத்தில் அவரே அதைச் சரியாகப் பார்க்கவில்லையாம். உப்பு மணலில் பூசிய வீடு. உள்ளே கம்பி துருப்பிடித்து, மேல்தளத்திலிருந்து பூச்சு அப்பளம் அப்பளமாக விழுந்தது. ஒரு நாள் விழுந்தது குழந்தை தூங்கிய தொட்டிலுக்குப் பக்கத்தில். அன்றைக்கே வீட்டைக் காலி செய்தவர்கள்தான், பிறகு வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வீடு வாங்குகிறவர்கள் எல்லாம் அவரைக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே தொழிலாகிவிட்டது. ஊரில் இருக்கிற எல்லா வீட்டுக் கக்கூசும் எனக்குத் தெரியும், சொந்தமாக ஒன்றுதான் இல்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. வீடு பார்க்கப் போன இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஒருத்தர் வீட்டு காபியைக் குடித்துவிட்டால் அந்த வீட்டைப் பற்றி வாய் தாராளமாகப் பேசாது என்பார். இன்னொன்று, எந்த வீட்டையும் இரண்டு தரம் பார்ப்பார். ஒரு தரம் உச்சிவெயிலில், ஒரு தரம் மழை பெய்யும்போது. மழைக்கு எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கச் சொல்வார். இதனாலேயே பாதிப் பேர் அவரைக் கூப்பிடப் பயப்படுவார்கள்.

எங்களுக்கு அவர் தேவைப்பட்டது மிக்ஜாம் புயலுக்குப் பிறகு. நாங்கள் இருந்தது பள்ளமான தெரு. விடிவதற்குள் கட்டில் முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் யேசுதாஸ் மகள் ஏஞ்சலினைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனார். அங்கே முகம் தெரியாதவர்களோடு ஈரத்துணியில் கிடந்தோம். தண்ணீர் வடிந்துவிட்டது. பயம் வடியவில்லை. மழை தூறினாலே ஏஞ்சலின் புத்தகப் பையைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, கதவு இடுக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். என்னாலும் சாப்பிட முடியாது. மேடான இடத்தில் ஒரு வீடு வேண்டும், பெரிதாக வேண்டாம், ஓட்டை உடைசல் ஆனாலும் சரி என்று தினமும் ஜெபித்தேன்.

எளாவூர் போகிற வழியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. குப்புராஜ் என்கிறவருடையது. நிலம் நீச்சு உள்ள குடும்பம். மகன் திருவள்ளூரில் இருப்பதால் அவரும் அவர் மனைவி செல்வியும் அங்கே போகப் பார்த்தார்கள். ரோட்டிலிருந்து நான்கு படி ஏறித்தான் வாசல். புயலுக்கு உள்ளே தண்ணீர் வரவில்லை என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் படிகளைப் பார்த்ததுமே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் உள்ளே போனால் கூடத்தின் நடுவில் தரை டைல்ஸ் வரிசையாக எழும்பி நின்றது. இரண்டு பக்கமும் சாய்ந்து, கூடாரம் போட்டதுபோல. யேசுதாஸின் முகம் அப்படியே கறுத்துப்போனது.

அவர் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை செய்கிறவர். இரும்பு உருகும்போது மேலே மிதக்கிற கசடை இங்கே எல்லோரும் ஸ்லாக்கு என்போம். ஆறிப்போனால் கறுப்புக் கல்லாக இருக்கும். பள்ளமான மனைகளை மேடாக்க அதைச் சும்மாவே லாரி லாரியாகக் கொட்டுவார்கள். எல்லா ஸ்லாக்கும் கெடுதல் செய்யாது. சிலது மட்டும், ஈரம் பட்டுப் பட்டு, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பும். மேலே இருக்கிற தரையையும் சுவரையும் தூக்கிவிடும். அவரோடு வேலை செய்கிற இம்மானுவேலின் வீட்டில் அப்படித்தான் ஆனது. இரண்டாவது மழைக்காலத்தில் தரை எழும்பி, கதவு மூட முடியாமல், கடைசியில் சுவரே இரண்டாகப் பிளந்துவிட்டது. குப்புராஜ் வீடு இருக்கிற மனைப்பிரிவுக்கும் ஸ்லாக்கு லாரிகள் போனதை யேசுதாஸ் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

எனக்கு மேட்டைப் பார்த்து வந்த சந்தோஷம், மேடு எதனால் ஆனது என்கிற பயமாக மாறிவிட்டது. பள்ளத்தில் இருந்தால் தண்ணீர் வரும். இந்த மேட்டுக்கு வந்தால் வீடே வெடிக்கும். எங்கேதான் போவது?

சபையில் ஒரு சகோதரி சொல்லித்தான் சந்திரகலா அக்காவைக் கூப்பிட்டோம். வந்தவரைப் பார்த்ததும் அப்பாவு வீட்டு மாடியில் பார்த்த சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

நல்ல உச்சிவெயில். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் வீடு முழுக்க நடந்தார். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். சின்னச் சுத்தியால் சுவரையும் தரையையும் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். யேசுதாஸ் அவர் பின்னாலேயே போய், இது ஸ்லாக்குதானே, இது ஸ்லாக்குதானே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அக்கா நின்று திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, டாக்டர் காதுல கொழா மாட்டிக்கினு இருக்கும்போது பேஷண்டே பேசமாட்டான். நீ கூட வந்தவன்."

செல்வி அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதன் பிறகுதான் வீட்டின் இறுக்கம் கொஞ்சம் குறைந்தது.

டைல்ஸ் எப்போது எழும்பியது என்று அக்கா செல்வியிடம்தான் கேட்டார். போன மே மாசம், மத்தியானம், எல்லோரும் படுத்திருந்தபோது பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது என்று செல்வி சொன்னார். ட்ரான்ஸ்பார்மர்தான் வெடித்துவிட்டது என்று வெளியே ஓடினார்களாம். திரும்பி வந்து பார்த்தால் தரை இப்படி நிற்கிறது. அதற்கு முன்னால் எழும்பவில்லை, அதற்குப் பின்னால் ஒரு விரல்கூட அதிகமாகவும் இல்லை.

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். எழும்பின டைல்ஸைக் கையாலேயே எடுத்து ஓரமாக அடுக்கினார். கீழே இருந்த சிமென்ட் தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு, வெளியே அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு குழி தோண்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

குப்புராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவரை நாற்காலியில் சும்மா இருந்தவர் எழுந்து நின்றார்.

"ஏம்மா, பொண்ணு பாக்க வந்தவங்க பல்லையா எண்ணுவாங்க?"

"எண்ணல அண்ணா. ஒரு வாட்டி வாய தொறந்து காட்டுங்க, போதும். நல்லா இருந்தா இன்னும் பத்து பேருக்கு நீங்களே தைரியமா சொல்லலாம் இல்ல?"

குப்புராஜ் கொல்லைப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கடப்பாரையோடு வந்து, அதை யேசுதாஸ் முன்னால் சுவரில் சாத்திவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், சுவரை ஒட்டி அக்கா இடம் காட்டினார். யேசுதாஸே தோண்டினார். முதல் நான்கு குத்திலேயே கறுப்புக் கல் வெளியே வந்தது. கண்ணாடி மாதிரி மினுக்குகிற கறுப்பு. அவர் ஒன்றைக் கையில் எடுத்தார். தினமும் பார்க்கிற பொருள், அவருக்கு ஒரு பார்வை போதும். கடப்பாரையைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆண்டவரே, இதற்காகவா இத்தனை நாள் கேட்டேன் என்று மனசுக்குள் சொன்னேன். கேட்டது தப்பென்றுகூடத் தோன்றியது. ஏஞ்சலின் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தது நல்லதாகிவிட்டது.

அக்கா மட்டும் அசையவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் தோண்டு தம்பி" என்றார்.

தோண்டி என்ன ஆகப்போகிறது, அக்காவுக்குக் கொடுக்கிற டப்பு போனாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று யேசுதாஸ் முணுமுணுத்தார். அக்கா குனிந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டார். அவர் ஒரு குத்து குத்துவதற்குள் யேசுதாஸுக்கு வெட்கமாகிவிட்டது. வாங்கிக்கொண்டு மறுபடியும் தோண்டினார்.

ஒரு சாண் தாண்டியதும் கறுப்பு நின்றுவிட்டது. கீழே சிவப்பு. இன்னும் தோண்டத் தோண்டச் சிவப்புதான் வந்தது. குழி முழங்கால் ஆழம் வந்ததும், அஸ்திவாரத்துக்கு அடியில் வீட்டுப் பக்கமாகக் கையை விட்டுச் சுரண்டி எடுக்கச் சொன்னார் அக்கா. யேசுதாஸ் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். இன்னொரு பிடி எடுத்தார். பிறகு சந்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் அவராகவே இரண்டு இடத்தில் தோண்டினார். எங்கே எடுத்தாலும் சிவப்புதான். சட்டையெல்லாம் மண்ணோடு எழுந்து நின்றவர் அக்காவிடம் கையை நீட்டினார்.

"செம்மண்ணுதான் அக்கா. கூட சரளைக் கல்லு. ஸ்லாக்கு ஒரு துண்டு இல்ல."

அப்போதுதான் குப்புராஜ் வாயைத் திறந்தார். அந்தக் கறுப்புக் கல்லை அவர்தான் கொட்டினாராம். மழைக்காலத்தில் சந்தில் வண்டி நிறுத்தினால் சேற்றில் புதைகிறது, அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரு லோடு வாங்கிக் கொட்டினார்கள், நானும் வாங்கிப் பரப்பினேன் என்றார். வீட்டுக்கு அடியில் போட்டதெல்லாம் அவர் அப்பா காலத்தில் சொந்தக் கரம்பு நிலத்திலிருந்து மாட்டுவண்டியில் அடித்த செம்மண். ஸ்லாக்கு என்ற பேரை எடுத்தாலே வாங்க வருகிறவர்கள் ஓடிவிடுகிறார்கள் என்று பயந்து, அவர் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கிறார். அதைக் கேட்டு செல்வி அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா இந்த மனுசன் வெயில்ல பூமிக்குள்ள பூந்திருக்க மாட்டாரு இல்ல? இன்னாய்யா நீ, ஊரையே பேஜாரு பண்ணிக்கினு."

டைல்ஸ் விஷயத்தை அக்கா எங்களுக்குப் புரிகிறமாதிரி சொன்னார். டைல்ஸ் பதிக்கும்போது நடுவில் நூலிடைகூட இடம் விடாமல் நெருக்கி வைத்திருக்கிறார்கள். இந்த ஊர் வெயிலுக்கு அது விரிந்திருக்கிறது. விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று தள்ளி மேலே எழும்பிவிட்டது. பூமியிலிருந்து தூக்கியிருந்தால் கீழே இருக்கிற சிமென்ட் தரையும் வெடித்திருக்கும், கதவும் மூடாது. இங்கே கீழ்த்தரை சமமாக இருக்கிறது. கதவு எல்லாம் ஒரு விரலால் தள்ளினாலே மூடுகிறது. இடம் விட்டு மறுபடியும் பதித்தால் சரியாகிவிடும்.

யேசுதாஸுக்கு அன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும் போல இருந்தது. ஊத்துக்கோட்டையிலிருந்து வேறு ஒருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பதாகக் குப்புராஜும் சொன்னார். அக்கா கையைக் கழுவிக்கொண்டே, இன்னும் ஒரு தரம் மழையில் பார்க்க வேண்டும் என்றார். யேசுதாஸ் என்னைப் பார்த்தார். நான் காத்திருக்கலாம் என்றேன். பயந்தவள் நான்தான், மழையில் பார்க்க வேண்டியவளும் நான்தான் என்று எனக்குப் பட்டது.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் இடி மின்னலோடு நல்ல மழை பிடித்தது. அக்கா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வண்டியில் வந்து சேர்ந்தார். நாங்களும் ஏஞ்சலினைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனோம். அக்கா முதலில் மாடிக்குப் போய்த் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்த்தார். பிறகு கூடத்தில் நடுத்தரையில் உட்கார்ந்துகொண்டார். நாங்களும் உட்கார்ந்தோம். மழைச்சத்தம் மட்டும். வாசல் வழியாகப் பார்த்தால் ரோட்டில் தண்ணீர் பெருகி ஓடியது. முதல் படி நனைந்தது. இரண்டாவது படி காய்ந்தே இருந்தது. ஏஞ்சலின் அந்தப் படியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

படுக்கையறையில் ஒரு ஜன்னலுக்குக் கீழே மட்டும் தண்ணீர் வழிந்தது. ஜன்னலுக்கு மேலே இருக்கிற சன்ஷேடின் அடியில், தண்ணீர் சுவருக்கு ஓடாமல் சொட்டி விழ ஒரு கோடு இழுக்காமல் விட்டுவிட்டார்கள், கொத்தனார் அரை நாளில் சரிசெய்துவிடுவார் என்றார் அக்கா. வேறெங்கும் ஈரம் இல்லை.

மழை விட்டதும், வாங்கலாமா அக்கா என்று கேட்டேன். அவர் அந்தக் கேள்விக்கு யாருக்குமே பதில் சொன்னதில்லையாம்.

"நான் பாத்தத எல்லாம் சொல்லிட்டேன் விக்டோரியா. வாழப்போறவ நீ. அத நீதான் சொல்லணும்."

நான் ஏஞ்சலினைப் பார்த்தேன். இத்தனை மழையிலும் அவள் புத்தகப் பை மடியிலேயே இருந்தது. எங்கேயும் தூக்கி வைக்கவில்லை. யேசுதாஸிடம், இதுதான் நம்ம வீடு என்றேன்.

புரட்டாசியில் குடிவந்தோம். பாஸ்டர் வந்து ஜெபித்தார். செல்வி அம்மாவும் வந்து, பழக்க தோஷத்தில் அடுப்பில் பாலைப் பொங்க வைத்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. இனிமேல் இது பார்க்கிற வீடு இல்லை, பார்த்து முடித்த வீடு என்று சொல்லி சந்திரகலா அக்கா அன்றைக்கு இரண்டு தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கார்த்திகையிலும் புயல் வந்தது. பழைய தெருவில் மறுபடியும் இடுப்பளவு தண்ணீர் என்று போனில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. ஏஞ்சலின் அசந்து தூங்கினாள். நான் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். இருந்தாலும் பழைய பழக்கம் எனக்குப் போகவில்லை. மழை வந்தால் எல்லா ஜன்னலையும் அடைத்து, கதவு இடுக்கில் கந்தல் துணியைச் செருகி, வேர்க்க வேர்க்க உள்ளேயே உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் அக்காவின் வீட்டுக்காரருக்கு ஆந்திராப் பக்கம் சூளூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் நிரந்தரமாக வேலை கிடைத்தது. தங்குவதற்குக் கம்பெனி வீடும் கொடுத்தார்கள். அந்த வீட்டையும் அக்கா சுத்தியால் தட்டிப் பார்த்த பிறகுதான் சாமான் ஏற்றினார் என்று அவர் வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். கிளம்புவதற்கு முன்னால் அக்கா என்னைப் பார்க்க வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே தூற ஆரம்பித்தது. நான் எழுந்து ஜன்னல்களைச் சாத்தப் போனேன். கதவிடுக்கில் துணி செருகுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தூறல் விட்டதும் வாசல் வரைக்கும் கூடப் போனேன். கடைசிப் படியில் நின்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, என் கையைப் பிடித்துச் சொன்னார்.

"ஊடு தாங்கும் விக்டோரியா, நான் பாத்துட்டேன், நீயும் பாத்துட்ட. அடுத்த மழைக்கு ஜன்னல தொறந்து வெச்சி, பாப்பாவ பக்கத்துல ஒக்கார வெச்சிக்கினு சூடா ஒரு டீ போட்டுக் குடி."